மரியோ பாவாவின் ‘ஷாக்’: பேய் வீட்டுப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா 1977-இல் எடுத்த படம் ‘ஷாக்’. ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு பையன், அம்மாவின் இரண்டாவது கணவர், செத்துப்போன முதல் கணவர். இவ்வளவுதான் படம். இதைப் பார்க்கச் சொல்லி நான் நச்சரிக்காத நண்பர்களே இல்லை, அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் பகுதியில் முடிவைச் சொல்லவில்லை. எந்த இடத்திலிருந்து கதை உடைகிறது என்று நடுவில் குறிப்பிடுகிறேன், படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடிவைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்ல முடியுமா?

டோரா தன் சின்னப் பையன் மார்கோவோடும், இரண்டாவது கணவர் புரூனோவோடும் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள். புது வீடு இல்லை. முதல் கணவர் கார்லோவோடு அவள் வாழ்ந்த அதே வீடு. கார்லோ போதைக்கு அடிமை, கடலில் காணாமல் போனவர், தற்கொலை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு டோராவுக்கு மனநிலை குலைந்து, சிகிச்சை எடுத்து, இப்போதுதான் கொஞ்சம் தேறியிருக்கிறாள். புரூனோ விமானி. அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் அம்மாவும் பையனும் மட்டும்தான்.

வந்த சில நாட்களிலேயே மார்கோவின் போக்கு மாறுகிறது. பேச்சு மாறுகிறது, பார்வை மாறுகிறது. ஒருநாள் சாதாரணமாக, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பது போல, “அம்மா, நான் உன்னைக் கொல்லவேண்டும்” என்கிறான். அப்பாவின் ஆவி பையனுக்குள் புகுந்துவிட்டதா, அல்லது பழைய நோய் டோராவுக்குத் திரும்பிவிட்டதா என்பதுதான் படம் நம்மை இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு.

நிஜமாகவே பயமாக இருக்குமா? 1977 படமாயிற்றே.

இருக்கும், ஆனால் முதல் முக்கால் மணி நேரம் பொறுமை வேண்டும். திடுக்கிட வைக்கும் சத்தங்களை வரிசையாக அடுக்கும் படம் இல்லை இது. சின்னச் சின்ன விஷயங்கள் சரியில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் பட்டப்பகலில், சோபா போட்ட கூடத்தில், தோட்டத்தில். ஒரு வெள்ளைக் கை வடிவ அலங்காரப் பொருள் இருக்கிறது வீட்டில், அதைக் கண்டாலே டோராவுக்கு ஆகாது, ஏன் ஆகாது என்று அவளுக்கே தெரியாது. இப்படியே போய்க் கடைசி அரை மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. நான் முதலில் பார்த்தபோது நடுவில் ஒருமுறை கைபேசியை எடுத்துவிட்டேன், கடைசிப் பகுதியில் எழுந்து விளக்கைப் போட்டேன். இரண்டையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

ஓட்ட நேரம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

மரியோ பாவா யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

1914-இல் சான் ரெமோவில் பிறந்தவர். அப்பா யூஜெனியோ பாவா சிற்பி, மௌனப் படக் காலத்திலேயே இத்தாலிய சினிமாவில் ஒளிப்பதிவும் தந்திரக் காட்சிகளும் செய்தவர். அந்தப் பட்டறையில்தான் மகன் வேலை கற்றுக்கொண்டார். நீண்ட காலம் ஒளிப்பதிவாளராக இருந்து, 45 வயதைத் தாண்டிய பிறகு, 1960-இல் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு முழுப்படம் இயக்கினார். அது சூனியக்காரி கதை, கறுப்பு வெள்ளை. உலகம் முழுக்க ஓடியது.

அவர் கைவேலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், இது தெரிந்தால் ‘ஷாக்’கைப் பார்க்கும் விதமே மாறிவிடும். 1957-இல் ரிக்கார்தோ ஃபிரேதா இயக்கி, பாதியில் விட்டுவிட்டுப் போக, பாவா முடித்துக்கொடுத்த ‘இ வாம்பிரி’ என்ற படத்தில் ஒரு இளம்பெண்ணின் முகம் வெட்டு எதுவும் இல்லாமல் நம் கண்முன்னே கிழவி முகமாக மாறும். எப்படி? முகத்தில் சுருக்கங்களை ஒரு நிறத்தில் வரைந்துவிட்டு, அதே நிற விளக்கைப் போட்டால் சுருக்கம் தெரியாது. விளக்கின் நிறத்தை மெதுவாக மாற்றினால் சுருக்கங்கள் மேலெழும். கறுப்பு வெள்ளைச் சுருளில் நிறம் மாறியது தெரியாது, முகம் மாறியது மட்டும்தான் தெரியும். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் பூச்சு, இரண்டு விளக்கு. பாவாவின் வாழ்க்கை முழுக்க இப்படித்தான், கையில் காசு இருக்காது, ஆனால் இல்லாத கோட்டையைக் கண்ணாடியில் வரைந்து கேமராவுக்கு முன்னால் வைத்து இருக்கிற மாதிரி காட்டிவிடுவார்.

இதுதான் அவருடைய கடைசிப் படமா?

திரையரங்குக்காக எடுத்ததில் இதுதான் கடைசி. இதற்குப் பிறகு இத்தாலியத் தொலைக்காட்சிக்காக மகன் லம்பெர்த்தோவோடு சேர்ந்து ஒரு மணி நேரப் படம் ஒன்று எடுத்தார், அதிலும் இதே கதாநாயகிதான், ஆனால் அது ஒளிபரப்பானது 1981-இல். பாவா 1980 ஏப்ரலிலேயே ரோமில் இறந்துவிட்டார்.

‘ஷாக்’கிற்கு முந்தைய வருடங்கள் அவருக்கு மிக மோசமானவை, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1973-இல் அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி எடுத்த ஒரு பேய்ப் படத்தை வாங்குவார் இல்லை. பிறகு ‘எக்ஸார்சிஸ்ட்’ பெரிய வசூல் செய்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் படத்துக்குள் பேயோட்டும் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் செருகி, வெட்டி ஒட்டி, வேறு படமாக வெளியிட்டார்கள். அடுத்து 1974-இல் எடுத்த குற்றப் படம் தயாரிப்பு நிறுவனம் திவாலானதால் முடங்கியது, பாவா உயிரோடு இருந்தவரை அது வெளிவரவே இல்லை. அப்புறம் சில காலம் சும்மாவே இருந்தார். அறுபதைத் தாண்டிய அந்த மனிதரைத் திரும்பப் படப்பிடிப்புக்குக் கொண்டுவந்ததில் மகனுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் படத்தை எடுத்தது அப்பாவா, மகனா?

இயக்குநர் மரியோ பாவாதான். ஆனால் லம்பெர்த்தோ திரைக்கதையில் பங்கெடுத்திருக்கிறார், சில காட்சிகளை இயக்கியும் இருக்கிறார். அப்பா வேண்டுமென்றே ஒதுங்கிக்கொண்டு மகனுக்கு வழிவிட்டார் என்று படிக்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் படத்தின் கதையோ போகமறுக்கும் ஒரு அப்பா மகனின் உடம்பைப் பிடித்துக்கொள்வது பற்றியது. லம்பெர்த்தோ 1980-இல் தனியாக இயக்குநரானார்.

திரைக்கதையில் இன்னொரு முக்கியமான பெயர் தார்தானோ சாக்கெட்டி. 80-களின் இத்தாலியத் திகில் படங்களில் பாதிக்குப் பாதி இவர் பெயரைப் பார்க்கலாம். இந்தக் கதையின் முதல் வடிவம் 70-களின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டு, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

டோராவாக நடித்தவர் யார்?

தாரியா நிக்கொலோதி. 1950-இல் ஃப்ளோரன்ஸில் பிறந்தவர், 2020 நவம்பரில் இறந்தார். இயக்குநர் தாரியோ அர்ஜென்தோவின் துணையாகவும், நடிகை ஆசியா அர்ஜென்தோவின் அம்மாவாகவும்தான் பலர் இவரை நினைவுவைத்திருக்கிறார்கள், எனக்கு இது ஒரு மனக்குறை. அதே 1977-இல் வந்த அர்ஜென்தோவின் திகில் படம் ‘சுஸ்பிரியா’வின் திரைக்கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர் இவர். அதில் கதாநாயகி வேடம் இவருக்குக் கிடைக்கவில்லை.

‘ஷாக்’ முழுக்க முழுக்க இவர் தோளில் நிற்கிறது. கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் இருக்கிறார். முதல் காட்சிகளில் நல்ல அம்மாவாக, சிரித்த முகமாக இருக்கப் பாடுபடும் பெண், அந்தப் பாடுதான் நமக்குத் தெரியவேண்டும், சிரிப்பு இல்லை. அதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முகம் ஒடுங்குகிறது. பேய்ப் படங்களில் அலறத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு, இவருக்கு அலறலை அடக்கிக்கொள்ளத் தெரியும்.

புரூனோவாக ஆங்கில நடிகர் ஜான் ஸ்டைனர். மனநல மருத்துவராக இவான் ரஸ்ஸிமோவ், வழக்கமாக வில்லன் வேடத்துக்குக் கூப்பிடப்படும் முகம், இங்கே அமைதியான மனிதர். மார்கோவாக டேவிட் காலின் ஜூனியர்.

ஒரே படத்துக்கு ஏன் இத்தனை பெயர்?

இத்தாலியில் ‘ஷாக்’. சுவரொட்டியில் அதற்குக் கீழே ‘டிரான்ஸ்ஃபெர்ட், சஸ்பென்ஸ், ஹிப்னோஸ்’ என்று மூன்று சொற்கள் வேறு. அமெரிக்காவில் 1979-இல் ‘பியாண்ட் த டோர் 2’ என்று வெளியானது. ‘பியாண்ட் த டோர்’ என்பது 1974-இல் வந்த வேறொரு இத்தாலியப் படம், இயக்குநர் ஒவிதியோ அஸ்ஸோனித்திஸ், கர்ப்பிணிக்குள் சாத்தான் புகும் கதை, அமெரிக்காவில் நன்றாக ஓடியது. அந்தப் படத்திலும் டேவிட் காலின் ஜூனியர் நடித்திருந்தான். அந்த ஒரு பையனைச் சாக்கு வைத்து, சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று விற்றுவிட்டார்கள். ஆகவே முதல் பாகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

இத்தாலிய ஒலியில் பார்ப்பதா, ஆங்கில ஒலியிலா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது, இத்தாலியம்தான் அசல், ஆங்கிலம் டப்பிங் என்று. அக்கால இத்தாலியப் படங்களில் அப்படி இல்லை. படப்பிடிப்புத் தளத்தில் ஒலி பதிவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில்கூடப் பேசுவார்கள், பிறகு எல்லா மொழிக்கும், இத்தாலியம் உட்பட, குரல் தனியாகப் பதிவாகும். எல்லாமே டப்பிங்தான். என் விருப்பம் இத்தாலிய ஒலி, காரணம் பையனின் குரல். ஆங்கிலத்தில் அந்தக் குரல் பெரியவர் ஒருவர் சின்னப் பையனைப் போலப் பேச முயல்வது மாதிரி என் காதில் விழுந்தது, பயம் வரவேண்டிய இடத்தில் கவனம் சிதறியது. 2022-இல் ஆரோ வீடியோ நிறுவனம் மூல நெகட்டிவிலிருந்து புதுப்பித்து வெளியிட்ட ப்ளூ-ரேயில் இரண்டும் இருக்கின்றன. படம் இருட்டாக, மங்கலாகத் தெரிகிறது என்று குறைப்பட்டவர்கள் பழைய பிரதியைப் பார்த்திருப்பார்கள்.

பாவா என்றால் சிவப்பு, பச்சை, ஊதா விளக்குகள் என்கிறார்களே, இதில் அதெல்லாம் காணோமே?

காணோம்தான். அவருடைய 60-களின் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஏமாந்துபோகும் இடம் இது. அந்தக் காலத்துக் கதைகள் கோட்டையில், கல்லறையில், 19-ஆம் நூற்றாண்டில் நடந்தன. ‘ஷாக்’ நடப்பது மத்தியதர வர்க்கத்து வில்லாவில், புத்தகம் இருக்கிறது, பியானோ இருக்கிறது, தோட்டத்தில் ஊஞ்சல் இருக்கிறது. இத்தாலிய நடிகர் என்ரிகோ மரியா சலெர்னோவின் சொந்த வீட்டில் எடுத்தார்கள், சுமார் ஐந்து வாரத்தில் முடிந்தது. ஆள் வாழும் வீடு என்பதால் அதற்குரிய அழுக்கும் இடைஞ்சலும் திரையில் தெரிகின்றன, கேமரா பின்னால் போக இடமில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்பது தெரிகிறது. கோட்டைக்குள் பேய் வந்தால் அது கோட்டையின் பிரச்சினை. சோபாவின் பின்னால் வந்தால் நம் பிரச்சினையாகிவிடுகிறது. பாவா வண்ண விளக்குகளைக் கைவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன், அதனால் அதைக் குறையாகப் பார்க்கவில்லை.

இசை யாருடையது? பேய்ப் படத்துக்கு ராக் இசையா?

‘இ லிப்ரா’ என்ற இத்தாலிய ராக் குழு. டிரம்ஸ் வால்டர் மர்ட்டினோ, இவர் முன்பு ‘காப்ளின்’ குழுவில் இருந்தவர், 70-களின் இத்தாலியத் திகில் இசைக்குப் பேர்போன குழு அது. அந்தக் காலத்தில் ஒரு ராக் குழுவைத் திகில் படத்துக்கு வாசிக்க விடுவது வழக்கமாகியிருந்தது. சில இடங்களில் இசை காட்சியைவிட அவசரமாக ஓடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பியானோவில் மெதுவாக வரும் பகுதி, வீட்டில் டோரா தனியாக இருக்கும்போது கேட்பது, அது படம் முடிந்தும் காதில் இருக்கும்.

‘ஷாக்’ என்ற தலைப்புக்கு என்ன அர்த்தம்?

அதிர்ச்சி என்பது மேலோட்டமான பொருள். டோரா மனநலச் சிகிச்சையில் மின் அதிர்ச்சி வாங்கியவள், அது இன்னொரு பொருள். மின் அதிர்ச்சிச் சிகிச்சை பிறந்த ஊரே ரோம்தான். 1938-இல் உகோ செர்லெத்தி, லூச்சியோ பினி என்ற இரண்டு மருத்துவர்கள் அங்கே முதன்முதலில் அதை ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். ‘ஷாக்’ வெளியான நேரத்தில் இத்தாலியில் மனநோயாளிகளை அடைத்துவைக்கும் விடுதிகள் வேண்டுமா என்று பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருந்தது, மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா அதில் முன்னால் நின்றார். படம் வந்த அடுத்த வருடம், 1978 மே மாதம், அந்த விடுதிகளைப் படிப்படியாக மூடும் 180-ஆம் எண் சட்டம் நிறைவேறியது.

படம் இதைப் பற்றியெல்லாம் பிரசங்கம் செய்யவில்லை. ஆனால் இந்தப் பின்னணி தெரிந்தால் டோராவின் பயத்தில் இன்னொரு அடுக்கு தெரியும். வீட்டில் நடப்பதை வெளியே சொன்னால் திரும்பவும் அங்கே கொண்டுபோய் விடுவார்களோ என்ற பயம் பேய் பயத்துக்குச் சமமாக அவளுக்குள் இருக்கிறது. அதனால் வாயைத் திறக்கமாட்டாள். சுவரொட்டியில் இருந்த ‘டிரான்ஸ்ஃபெர்ட்’ என்ற சொல்லும் உளப்பகுப்பாய்வில் வருவதுதான், ஒருவர்மேல் இருக்கும் உணர்ச்சியை இன்னொருவர்மேல் ஏற்றிவைப்பது. இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். போதை ஊசி, ரத்தம், தற்கொலை எல்லாம் வருகின்றன. அதைவிட, ஒரு சின்னப் பையன் பொறாமை பிடித்த கணவனைப் போல அம்மாவைக் கண்காணிப்பதும் மிரட்டுவதும் பெரியவர்களுக்கே சங்கடமாக இருக்கும். படுக்கையில் சொந்தக் குழந்தை தூங்குகிற வீட்டில் இதைத் தனியாகப் பார்த்த தோழி ஒருத்தி, பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் பகலில்தான் மீதியைப் பார்த்தாள்.

பிடித்திருந்தால் அடுத்து எதைப் பார்ப்பது?

பாவாவிலேயே இருங்கள். 1966-இல் வந்த ‘ஒபெரட்ஸியோனே பவூரா’, பந்தை வைத்துக்கொண்டு திரியும் ஒரு சிறுமியின் ஆவி ஒரு கிராமத்தையே கிடுகிடுக்க வைக்கும் படம், வண்ணங்களைத் தேடுபவர்களுக்கு விருந்து. 1963-இல் மூன்று கதைகள் கொண்ட படம் ஒன்று எடுத்தார், அதில் ‘நீர்த்துளி’ என்ற பகுதி, பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நர்ஸின் கதை, அரை மணி நேரம்கூட இருக்காது. ‘ஷாக்’கின் விதை அதில் இருக்கிறது. குடும்பம், புது வீடு, நிலவறை என்ற அமைப்பு வேண்டுமென்றால் லூச்சியோ ஃபுல்ச்சியின் 1981 படம் ‘கல்லறைக்குப் பக்கத்து வீடு’, சாக்கெட்டியின் எழுத்து அதிலும் உண்டு. ஆனால் அதில் ரத்தம் பல மடங்கு அதிகம்.

இங்கிருந்து கீழே முடிவு வரை எல்லாம் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்காதவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்லோவுக்கு உண்மையில் என்னதான் நடந்தது?

கடலில் சாகவே இல்லை. போதையில் இருந்த கார்லோ டோராவுக்கும் பலவந்தமாக ஊசி போடுகிறார், அந்த மயக்கத்தில் அவள் கத்தியால் அவர் கழுத்தை அறுத்துவிடுகிறாள். புரூனோ அவளைக் காப்பாற்ற நினைத்துப் பிணத்தை நிலவறையில் வைத்துச் செங்கல் சுவர் எழுப்பிவிடுகிறார், தற்கொலை என்ற கதையையும் கட்டுகிறார். டோராவின் மூளை நடந்ததை மறந்துவிட்டது, அல்லது சிகிச்சை மறக்கடித்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இங்கே சோறும் அவர்களுடையது, அதைத் தினமும் சாப்பிடுவதும் அவர்களே.

உண்மை வெளியே வரும்போது புரூனோ சுவரை உடைத்துப் பிணத்தை அப்புறப்படுத்தப் போகிறார், டோரா அங்கேயே அவரைக் கொன்றுவிடுகிறாள். பிறகு கார்லோவின் ஆவி அவளைத் துரத்த, அவள் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டு சாகிறாள்.

சரி, பேய் நிஜமா, டோராவின் கற்பனையா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், ‘அது பார்ப்பவர் விருப்பம்’ என்று பதில் சொல்பவர்களும் அதிகம். நான் அப்படி நினைக்கவில்லை. படம் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது.

டோரா பார்ப்பதை எல்லாம் ஒதுக்கிவையுங்கள். கட்டிலில் தடவும் கை, திடீரென்று தோன்றும் உருவம், இவற்றையெல்லாம் குற்ற உணர்ச்சியால் வந்த மனப்பிரமை என்று சொல்லிவிடலாம். அவள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். மார்கோ புரூனோவின் படத்திலிருந்து அவர் உருவத்தை வெட்டி எடுத்து ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறான். ஊஞ்சல் ஆட ஆட, எங்கோ வானத்தில் புரூனோ ஓட்டும் விமானம் தடுமாறுகிறது. அதை டோரா பார்க்கவில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. அடுத்து, கடைசிக் காட்சி. டோரா செத்துவிட்டாள், கற்பனை செய்ய யாரும் இல்லை. தோட்டத்தில் மார்கோ யாரோடோ விளையாடிக்கொண்டிருக்கிறான், நம் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை, அவன் அப்பாவோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த இரண்டு காட்சிகளையும் பாவா வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார் என்பது என் கட்சி. பேய் இருக்கிறது. டோராவின் குற்ற உணர்ச்சியும் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருக்கக்கூடாது என்று யார் சொன்னார்கள்? பைத்தியமாக இருந்தவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்பது கார்லோவுக்குத் தெரியும், அதுதான் அவர் பிடித்துக்கொண்ட வழி.

நடைபாதையில் பையன் ஓடிவரும் காட்சியை எப்படி எடுத்தார்கள்? கணினி கிடையாதே அப்போது.

இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். நீண்ட நடைபாதையின் அந்தக் கோடியில் மார்கோ நிற்கிறான். “அம்மா!” என்று ஓடிவருகிறான். நெருங்கி, நெருங்கி, கட்டிப்பிடிக்கப் போகும் நொடியில் பார்த்தால் கைகளில் இருப்பது பையன் இல்லை, செத்துப்போன கார்லோ. நடுவில் வெட்டு இல்லை.

தந்திரம் என்ன தெரியுமா? ஓடிவரும் பையன் கேமராவுக்கு மிக அருகில் வந்ததும் சட்டகத்தின் கீழ் விளிம்புக்குக் கீழே போய்விடுகிறான், அங்கே குனிந்து காத்திருந்த பெரியவர் அதே வேகத்தில் மேலே எழுகிறார். அவ்வளவுதான். பள்ளிக்கூட நாடகத்தில் செய்யக்கூடிய வேலை. ஆனால் பையனின் வேகம், அவன் மறையும் அந்த இமைப்பொழுது, எழுபவரின் உயரம், எல்லாம் ஒரு நூல் இழை பிசகினாலும் சிரிப்பாகிவிடும். முதல்முறை பார்த்ததும் நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி மூன்று முறை பார்த்தேன், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் முதுகு சில்லிட்டது. வெட்டு இல்லாததுதான் காரணம். வெட்டியிருந்தால் ‘மாற்றிவிட்டார்கள்’ என்று மூளை சொல்லியிருக்கும், வெட்டாததால் ‘மாறிவிட்டான்’ என்று சொல்கிறது.

2014-இல் வந்த ‘அன்னபெல்’ படத்தில் கதவை நோக்கி ஓடிவரும் சிறுமி வளர்ந்த பெண்ணாகப் பாயும் காட்சியைப் பார்த்து அலறியவர்களுக்கு இந்தக் காட்சி பழகியது போல இருக்கும்.

படுத்திருக்கும் டோராவின் தலைமுடி தானாக மிதக்கிறதே?

அதுவும் இதே ரகம்தான். நிக்கொலோதியைப் படுக்கையோடு கட்டி, படுக்கையைச் சுழற்றியிருக்கிறார்கள், கேமராவும் அதோடு சேர்ந்து சுழல்கிறது. நம் கண்ணுக்குப் படுக்கை அசையாமல் இருக்கும், ஆனால் முடி மட்டும் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு இங்கும் அங்கும் சரியும், யாரோ விரலால் கோதுவது போல.

புரூனோ நல்லவரா கெட்டவரா?

இவர்மேல் எனக்கு இரக்கம்தான். காதலித்த பெண்ணைக் காப்பாற்றத்தான் செய்தார். ஆனால் பிணம் இருக்கும் வீட்டுக்கே அவளைக் கூட்டிவந்து, கேட்டால் மழுப்பி, நிலவறையைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றி, ஒவ்வொரு முறையும் ‘உனக்கு உடம்பு சரியில்லை’ என்று அவளையே நம்பவைத்ததை மன்னிக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருந்தால்? அதுவும் அவளைக் கொன்றிருக்கலாம், தெரியாது.

படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. நடுப்பகுதியில் ஒரே மாதிரிச் சம்பவங்கள் திரும்ப வருகின்றன, பையன் ஏதோ செய்வான், டோரா பதறுவாள், புரூனோ ஆறுதல் சொல்வார். மனநல மருத்துவர் பாத்திரம் வந்து போவதோடு சரி. கடைசியில் அழுகிய பிணத்தின் ஒப்பனை இன்றைய கண்ணுக்கு எடுபடாது. கார்லோ யார், எப்படிப்பட்டவர், டோரா ஒருகாலத்தில் அவரிடம் எதைக் கண்டாள் என்று இரண்டு காட்சி இருந்திருந்தால் கடைசிப் பகுதி இன்னும் கனத்திருக்கும். அவருடைய ஆகச்சிறந்த படம் என்று சொல்லமாட்டேன். எனக்கு மிகப் பிடித்த படம் என்று சொல்வேன்.

மார்கோவுக்கு எல்லாமே தெரியுமா? அவன் பேயா, பிள்ளையா?

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் கேள்விக்காகத்தான். இரண்டாவது முறை பார்க்கும்போது டோராவை விட்டுவிட்டுப் பையனை மட்டும் கவனியுங்கள். அந்த வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒருவருக்கு உண்மை தெரியும், சொல்லமாட்டார், இன்னொருவருக்குத் தெரியும், நினைவில் இல்லை. அப்பா எங்கே என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் கடல் என்ற ஒரு பொய். அப்பாவின் முகத்தைக்கூட அவன் சரியாக அறியான். அப்படி ஒரு பிள்ளையிடம் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நான்தான் உன் அப்பா, இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால் அவன் கதவைத் திறக்காமல் என்ன செய்வான்?

அவன் முகத்தில் கார்லோ இருக்கும் காட்சிகளும் உண்டு, வெறும் மார்கோவாக இருக்கும் காட்சிகளும் உண்டு. டேவிட் காலின் அந்த வித்தியாசத்தைப் பார்வையிலேயே காட்டிவிடுகிறான், அந்த வயதில். அம்மா அழும்போது வந்து ஒட்டிக்கொள்பவன் மார்கோ. அதே அணைப்பில் அவள் தோளுக்கு மேலே அசையாமல் பார்ப்பவன் வேறு ஆள். எது எப்போது மாறுகிறது என்று நான் இன்னும் பிடிபடாமல்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் காட்சியில், உள்ளே அம்மா செத்துக்கிடக்கிறாள், அவனுக்கு அது தெரியுமா தெரியாதா என்று படம் சொல்லவில்லை. தோட்டத்தில் வெயில். அவன் முகத்தில் மிரட்டல் இல்லை, ரகசியம் இல்லை, படம் முழுக்க முதல்முறையாக ஒரு சாதாரணப் பிள்ளை அப்பாவோடு விளையாடுகிற சந்தோஷம்தான் இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைப்பது அங்கேதான்.